கட்டிலுக்குக் கீழ கனடா

மருமோன், உன்ரை வீட்டு மேல்மாடி முன்னறையை விருந்தாளியளுக்கெண்டு ஏன் ஒதுக்கி வைச்சிருக்கிறாய் எண்டு எனக்கு இப்பதான் விளங்குது. வாறவை கனநாள் நிக்கமாட்டினம். நல்ல யோசினைதான். "எப்ப மாமா வெளிக்கிடுறியள்?" எண்டு வாயால கேட்டால் மரியாதையில்லை. அதைத் தரையைக் கொண்டு கேக்க வைச்சிட்டாய்.

கட்டிலால இறங்கிக் காலைக் கீழ வைச்சன். வைச்ச கால் என்னைக் கேக்காமலே திரும்பக் கட்டிலுக்கு ஏறிட்டுது. அறை வாசலில நிண்டால் குறையொண்டுமில்லை. யன்னல் பக்கம் போகப்போக உள்ளங்காலால குளிர் ஏறுது. நீ சொல்லுவாய், கம்பளம் போட்டிருக்கெண்டு. ஓம், போட்டிருக்கிறாய், அதுக்கு மேல இன்னொண்டும் போட்டிருக்கிறாய். மூலையில ஒரு கரன்ற் ஹீற்றர் சிவந்துகொண்டு நிக்குது. தெர்மோஸ்ராற்றை 25-ல விட்டிருக்கிறாய். கீழ குசினியில மருமோள் விசிறி பிடிக்கிறா. மேல சொக்ஸுக்கு மேல சொக்ஸ், கீழ விசிறி. ரெண்டு காலநிலையும் ஒரே கூரைக்குக் கீழ வேணுமெண்டுதானே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்.

வெளியில போய், றோட்டில நிண்டு, உன்ரை வீட்டை ஒருக்கா அண்ணாந்து பார். வாங்கின நாளில இருந்து நீ அதைப் படமெடுத்திருக்கிறாய்; பார்க்கேல்லை. கீழ்ச்சுவர் ஒரு இடத்தில நிண்டிட்டுது. மேல்மாடி நிக்கேல்லை, 2 அடி முன்னுக்கு நீட்டிக்கொண்டு வந்திட்டுது. அந்த 2 அடிக்குக் கீழ என்ன இருக்கு சொல்லு பாப்பம். ஹோல் இல்லை, பேஸ்மன்ற் இல்லை, அத்திவாரமும் இல்லை. வெறும் வெளி. தபால்காரன் மழைக்கு ஒதுங்குற இடம். அதுக்கு நேர் மேலதான் என்ரை கட்டிலின்ரை தலைமாடு.

கட்டினவன் கெட்டிக்காரன், அதில சந்தேகமில்லை. மண்ணை வெட்டிக் கொங்கிறீற் போடுறதுதானே பெரிய செலவு. தரை மரத்தை எப்பன் நீளமாப் போட்டு வெளியில நீட்டிவிட்டால், அத்திவாரம் ஒரு அங்குலமும் கூடாமல் மேல அறை பெருக்குது. 24 அடி அகல வீட்டுக்கு 2 அடி நீட்டினால் 48 சதுர அடி. விலை பேசேக்க சதுர அடிக் கணக்குப் பார்த்துத்தானே துள்ளினனி? அந்த 48-க்கும் சேத்துத்தான் இண்டைக்கும் வங்கிக்குக் கட்டுறாய். குளிரை மட்டும் அவன் இலவசமாத் தந்திருக்கிறான்.

உது இண்டைக்கு நேற்று வந்த பழக்கமுமில்லை. இங்கிலாந்தில யோர்க் நகரத்தில ஷாம்பிள்ஸ் எண்டு ஒரு பழைய ஒழுங்கை கிடக்கு. ரெண்டு பக்கத்து மேல்மாடியளும் ஒழுங்கைக்கு மேல நீட்டி நீட்டி, நடுவில வானம் ஒரு கீற்றாத்தான் தெரியும். அந்த நாட்டுக்காரர் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போகேக்க பழக்கத்தையும் கொண்டு போச்சினம். பொஸ்ரனில 1680 அளவில கட்டின போல் றெவியர் வீடு இண்டைக்கும் மேல்மாடியை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிக்குது. மேலயிருந்து எதிரிக்குச் சுடவும் கொதிதண்ணி ஊத்தவும்தான் அப்பிடிக் கட்டினவை எண்டு ஒரு கதை சொல்லுவினம். நல்ல கதை, உண்மையில்லை. ஊரில கட்டின பழக்கத்தில கட்டினவை, அவ்வளவுதான். பிறகு போன நூற்றாண்டில அந்தச் சாயலுக்குக் கரிசன் கொலோனியல் எண்டு ஒரு பட்டாளத்துப் பேரும் வைச்சு, புறநகர் முழுக்கக் கட்டி வித்தினம். பென்சில்வேனியாவில பிராங்க் லொயிட் றைற் எண்ட பெரிய கட்டடக் கலைஞன் 1930-களில அருவிக்கு மேல கொங்கிறீற்றை நீட்டி ஒரு வீடு கட்டினவன். உலகமே போய்ப் பார்க்குது. அது தொய்யத் தொடங்கி, 2002-ல உள்ளுக்கால உருக்குக் கம்பி இழுத்து இறுக்க வேண்டி வந்தது. உன்ரை வீடு தொய்யேல்லை மோனை, அதுக்குக் கும்பிடு. ஊதுது, அவ்வளவுதான்.

"சூடு மேலதானே மாமா போகும், கீழ் பக்கத்துக்கு என்னத்துக்கு இன்சுலேசன்?" எண்டு நேற்றுக் கேட்டாய். பல்கலைக்கழகம் போன பிள்ளை. காத்துச் சூடானால் மேல போகும், அது சரி. சூடு எண்டது வேற சாமான். அதுக்கு மேலும் தெரியாது, கீழும் தெரியாது. குளிர் எந்தப் பக்கம் கிடக்கோ அந்தப் பக்கம் போகும். நம்பாட்டில் வெறுங்காலோட கராஜ் சீமெந்தில போய் நில். காலில இருந்த சூடு எங்கால போகுதெண்டு ஒரு நிமிசத்தில நீயே வந்து சொல்லுவாய்.

அதோட இன்னொரு கள்ள வேலையும் நடக்குது. வீட்டுக்குள்ள சூடான காத்து ஏறிப்போய், மேல கூரைக்குள்ள ஏறுற மூடி, சீலிங்கில பதிச்ச லைற்றுகள், அங்க இங்க இருக்கிற வெடிப்புகளால வெளியில போகுது. போன காத்துக்குப் பதில் காத்து எங்கயிருந்தோ வரவேணுமெல்லே. அது கீழ்ப்பக்கத்து ஓட்டையளால உள்ளுக்கு வருது. நீ எவ்வளவுக்கு வீட்டைச் சூடாக்கிறியோ, அவ்வளவுக்கு அது குளிரை இழுக்கும். 25-ல விட்டது குளிருக்குக் குடுத்த அழைப்பிதழ்.

எங்கால வருதெண்டு கேள். தரையைத் தாங்குற மரத்தை இஞ்ச ஜொயிஸ்ற் எண்டுவினம். உன்ரை வீட்டில 2-க்கு 10 மரம். பேருக்குத்தான் 10, அளந்து பார்த்தால் 9¼ அங்குலம். ஒரு மரத்தின்ரை நடுவுக்கும் அடுத்ததின்ரை நடுவுக்கும் 16 அங்குலம். அந்த மரம் முடியிறது வெளியில நீட்டின நுனியில. தொடங்குறது எங்க? உன்ரை ஹோல் சீலிங்குக்கு மேல, வீட்டுக்கு நட்டநடுவில. ஆகவே ரெண்டு மரத்துக்கு இடையில இருக்கிற இடைவெளி, வெளி நுனியில இருந்து வீட்டு நடு மட்டும் மறிப்பே இல்லாத ஒரு குழாய். 24 அடிக்கு அப்பிடி 18 குழாய் இருக்கு. கீழ்ச்சுவர் எங்க முடியுதோ, அதுக்கு நேர் மேல அந்தக் குழாயளை மறிச்சு அடைச்சிருக்கவேணும். அடைக்கேல்லை. அதால தை மாசக் காத்து என்ரை கட்டிலுக்குக் கீழ புகுந்து, ஹோலில தொங்குற அந்தப் பளிங்கு விளக்குக்கு மேலால உலாத்திப்போட்டுப் போகுது. கதவில மூண்டு பூட்டும் கமராவும் வைச்சிருக்கிறாய். நல்லது.

போன மாரிக்கு ஒருத்தனைக் கூப்பிட்டுச் செய்விச்சதெண்டு சொன்னாய். பேர் எனக்குத் தேவையில்லை. என்ன செய்தவன்? அடித்தகட்டைக் கழட்டி, பிங்க் நிறப் பஞ்சைக் கைநிறையத் தள்ளி, தகட்டை மூடி, காசை வாங்கி, ரிம் ஹோட்டன்ஸ் கோப்பியும் குடிச்சிட்டுப் போனவன். அவனில பிழை சொல்லேலாது. நீ பஞ்சு கேட்டாய், அவன் பஞ்சு போட்டான்.

சரி, அந்த அடித்தகட்டையாவது பார்த்தனியோ? சொபிற் எண்டுறது அதைத்தான். அலுமினியம், முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை. அந்த ஓட்டைத் தகடு கூரை விளிம்புக்கு எண்டு செய்தது. அங்க கூரைக்குள்ள காத்துப் போய்வர வேணும்; இல்லாட்டில் உள்ளுக்குள்ள ஈரம் பிடிச்சுப் பலகை உக்கும். உன்ரை அறைக்குக் கீழ ஏன் காத்துப் போய்வர வேணும்? கூரைக்கு வாங்கினதில மிஞ்சின தகட்டை இஞ்சயும் அடிச்சுப்போட்டுப் போயிருக்கினம் எண்டுதான் நான் நினைக்கிறன். பார்க்க வடிவு. றோட்டால போற சனத்துக்கும் ஒரே சீராத் தெரியும். சனத்துக்குத்தானே எல்லாம்.

நீ வேலைக்குப் போன நேரம் ஏணியை வைச்சு ஒரு தகட்டை இழுத்துப் பார்த்தம். நான் ஏணியைப் பிடிச்சன், உன்ரை மூத்தவன் ஏறினவன். ஒரு துண்டுப் பஞ்சைப் பிய்ச்சுக் கீழ தந்தான். போட்டு ஒரு வருசம். நடுப்பக்கம் இன்னும் பிங்க். தகட்டு ஓட்டையளுக்கு நேரயும், மரத்தோட ஒட்டின விளிம்பிலயும் புகைக்கூட்டுக் கரிக்கறுப்பு. விரலால தேய்ச்சன், மா மாவா நுணுகின தூசி. பூஞ்சணமாக்கும் எண்டு மூத்தவன் பயந்திட்டான். பூஞ்சணமில்லை. காத்துப் பஞ்சுக்குள்ளால போயிருக்கு. போகேக்க றோட்டுத் தூசியைப் பஞ்சில விட்டிட்டு, தான் மட்டும் சுத்தமா உன்ரை வீட்டுக்குள்ள வந்திருக்கு. நீ இன்சுலேசன் போடேல்லை மருமோன், வடிகட்டி போட்டிருக்கிறாய். மூலையில எலி ஒண்டு அதே பஞ்சில மெத்தை கட்டி, பறவைக்கு நீங்கள் போடுற சூரியகாந்தி விதைக் கோதெல்லாம் சேர்த்து வைச்சிருந்தது. இந்த வீட்டில கால் குளிராமல் படுத்தது அது ஒண்டுதான்.

அந்தப் பஞ்சு வேலை செய்யிறது தனக்குள்ள காத்தை அசையாமல் பிடிச்சு வைச்சிருக்கிற மட்டும்தான். காத்து ஓடத் தொடங்கினால் எத்தினை அங்குலம் போட்டாலும் காசுக்குக் கேடு. ஊரில புகையிலை வைச்சனாங்கள், உனக்குத் தெரியும். புகை போடுற குடிலுக்கு மண்சுவர் எவ்வளவு மொத்தமா வைச்சாலும், கூரைக்கும் சுவருக்கும் இடையில விரல்கடை நீக்கல் இருந்தால் பொச்சு எரிய எரியப் புகை அதாலதான் போகும். இலை பச்சையாவே கிடக்கும். அதால அப்பு முதல்ல நீக்கல் அடைப்பார், பேந்துதான் நெருப்பு. உன்ரை வீட்டில நெருப்பு முதல்ல வந்திட்டுது, நீக்கல் அப்பிடியே கிடக்கு.

உனக்கு என்ரை பேச்சில நம்பிக்கையில்லை எண்டு தெரியும். யூரியூப்பில வெள்ளைக்காரன் சொன்னால் நம்புவாய். அப்ப நீயே சோதிச்சுப் பார். நல்ல காத்தடிக்கிற இரவு பார்த்து, யன்னல் கதவெல்லாம் சாத்து. பேர்னஸை நிப்பாட்டு. குளியலறை விசிறியையும் குசினிப் புகைவிசிறியையும் போடு. சாமியறையில இருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு போய், அந்த அறைச் சுவரடியில, கம்பள விளிம்பில, வெளிச்சுவர்ப் பிளக்கடியில மெதுவாப் பிடி. புகை நேர மேல போனால் பிழையில்லை. வளைஞ்சு அறைக்குள்ள ஓடிவந்தால், அந்த இடத்தில ஒரு சோக்குக் கட்டியால புள்ளி போடு. திரைச்சீலையில பத்த வைச்சிடாதை. புகை அலாரத்துக்கு நேர கீழயும் நில்லாதை. தீயணைப்புக்காரர் வந்தால் அயலட்டைக்கு நீ என்ன சொல்லுவாய்?

இதையே காசு குடுத்துச் செய்விக்கலாம். வாசலில பெரிய விசிறி ஒண்டைப் பூட்டி, வீட்டுக் காத்தை வெளியில இழுத்து, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பஸ்கால் அழுத்த வித்தியாசம் வைப்பினம். மணிக்கு 32 கிலோமீற்றர் காத்து எல்லாப் பக்கத்தாலயும் ஒரேநேரம் அடிச்ச கணக்கு. எங்கெங்க ஊதுதெண்டு அப்ப ஒளிக்கேலாது. 2021-ல மத்திய அரசாங்கம் வீட்டைத் திருத்தச் சொல்லி 5,000 டொலர் வரைக்கும் சும்மா தந்தது. இந்தச் சோதினைச் செலவுக்கும் புறம்பாக் கொஞ்சம் தந்தது. 2024-ல புது விண்ணப்பத்தை நிப்பாட்டிச்சினம். அந்த மூண்டு வருசமும் நீ என்ன செய்தனி? குசினிக் கல்லு மாத்தினனி. கல்லு வடிவாத்தான் இருக்கு. அதிலயும் கை வைக்கேலாது, குளிருது.

இனி வேலை. கவனமாக் கேள், ரெண்டாந்தரம் சொல்லமாட்டன். சொல்லுவன், ஆனால் பகிடி கூடும்.

முதல் வேலை, அடித்தகடு முழுக்கக் கழட்டி, பழைய பஞ்சை எடுத்துக் கறுப்புப் பையில கட்டு. முகத்துக்கு நல்ல மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, நீளக்கை சட்டை. சாறத்தோட ஏறாதை. பஞ்சு கண்ணாடி நாரில செய்தது. எங்கெங்க கடிக்குமெண்டு நான் சொல்லத் தேவையில்லை. பழைய வீடுகளில சிலவேளை சின்னச் சின்னக் கூழாங்கல்லுத் துணிக்கை கணக்கா, பழுப்பு மினுக்கத்தோட ஒண்டு கொட்டுப்படும், வேர்மிகுலைற். அமெரிக்காவில மொன்ரானாவில லிபி எண்ட ஊர்ச் சுரங்கத்தில, 1990-ல மூடும் வரைக்கும், கனக்க அதைத்தான் எடுத்தவை. அதுக்குள்ள அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. அப்பிடி ஏதும் கண்டால் கை வைக்காமல் ஏணியால இறங்கி, அதுக்குப் பயிற்சி உள்ள ஆளைக் கூப்பிடு. வீரம் காட்டுற இடம் அதில்லை.

ரெண்டாவது, இதுதான் முழு வேலையின்ரை உயிர்: மறிப்பு. கீழ்ச்சுவரின்ரை மேல்மரத்துக்கு நேர் மேல, ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு கதவு. நீலத்திலயோ பிங்கிலயோ வாற 2 அங்குல இறுக்க ஃபோம் பலகையை வாங்கு. குழாய் அகலம் 14½ அங்குலம் வரும். ஆனால் ஒண்டை அளந்துபோட்டு பதினெட்டையும் ஒரே அளவில வெட்டாதை. மரம் அடிச்சவன் வெள்ளிக்கிழமை பின்னேரம் அடிச்சானோ திங்கட்கிழமை காலமை அடிச்சானோ ஆருக்குத் தெரியும். ஒவ்வொண்டையும் அளந்து, சுத்திவர விரல் நுனி போற அளவு குறைச்சு வெட்டி, நிமித்தி வைச்சு, நாலு பக்கத்து நீக்கலுக்கும், போத்தலில வாற பொங்குற ஃபோம் அடி. வயர் போற ஓட்டை, பைப் போற ஓட்டை எல்லாத்தையும் அடை. பலகையை இறுக்கிச் செருகினால் ஃபோம் தேவையில்லைத்தானே எண்டு கேப்பாய். இறுக்கிச் செருகின இடத்திலதான் காத்து விசிலடிக்கும்.

அந்தப் போத்தல் ஃபோமைப் பற்றி ஒரு சொல். கையுறை போடாமல் தொடாதை. ஈரமா இருக்கேக்க அசெற்றோன் போட்டுத் துடைக்கலாம்; காய்ஞ்சிட்டுதெண்டால் தோல் உரிஞ்சு போகும் வரைக்கும் உன்னோடதான். அடுத்த மாசம் மகளின்ரை சாமத்திய வீடு. குதிரை வண்டிலில வந்து இறங்கி, சபையில எல்லாருக்கும் கை குடுக்கிற ஆள் நீ. யோசிச்சுப் பார்.

மூண்டாவது, நீட்டின அந்த 2 அடிக்குள்ள நிண்டு அண்ணாந்து பார்த்தால் மேல்மாடித் தரைப் பலகையின்ரை அடிப்பக்கம் தெரியும். பலகைக்குப் பலகை மூட்டுக்கும், வெளி நுனியில மரத்தை மூடின பலகை ஓரத்துக்கும் கோல்க் எண்ட நீக்கல் அடைக்கிற பசை அடி. அதுக்குப் பிறகுதான் பஞ்சு. நான் எண்டால் கல்லை உருக்கி நாராக்கின றொக்வூல் போடுவன். எலிக்கும் அதில பெரிசாப் பிரியமில்லை, அங்குலத்துக்கு ஆர்-4 அளவு பிடிக்கும்; ஆர் எண்டது சூட்டை மறிக்கிற கணக்கு. பைபர்கிளாஸிலயும் ஆர்-31 எண்டு 9½ அங்குல மொத்தத்தில வருது. ஒன்ராறியோவில புது வீடுகளில வெளிக்கு மேல நிக்கிற தரைக்கு வழக்கமா அந்த 31-தான் கேக்கிறவை. எதைப் போட்டாலும் தரைப் பலகையின்ரை அடியைத் தொட்டுக்கொண்டு கிடக்கவேணும். கீழ் தகட்டில பஞ்சைப் படுக்க விட்டு, மேல எப்பன் வெளி விட்டால், அந்த வெளிக்குள்ள காத்து நிண்டு சுத்தும். உன்ரை பழைய ஆள் செய்தது அதுதான். பஞ்சு வடிவாப் படுத்திருந்தது, நான்தான் படுக்கேல்லை.

நாலாவது, அடியை மூடு. இன்னொரு ஃபோம் பலகையோ பிளைவுட்டோ, காத்துப் போகாத ஒரு சாமான் முழு அகலத்துக்கும் அடிச்சு, மூட்டுகளுக்கு ரேப்பும் கோல்க்கும் போட்டு, அதுக்கு மேலதான் அலுமினியத் தகடு. ஓட்டையில்லாத தகடு கேட்டு வாங்கு. அதே விலைதான், அதே நிறம்தான், றோட்டுச் சனத்துக்கு வித்தியாசம் தெரியாது. பொலித்தீன் விரிப்பை மட்டும் அடியில, குளிர்ப் பக்கத்தில அடிக்காதை. உங்கடை குளிப்பு, சமையல், சோத்தாவி எல்லாம் தரைக்குள்ளால இறங்கி அதில பட்டுத் தண்ணியாகி, மரத்தை நனைச்சுக்கொண்டு கிடக்கும். வெளிய போற ஈரத்துக்கு வழி விடவேணும். உள்ள வாற காத்துக்கு விடப்படாது. ரெண்டும் ஒண்டில்லை.

இதெல்லாம் கரைச்சல் எண்டால் ஆளை வைச்சு இறுகிற ஸ்பிறே ஃபோம் அடிப்பிக்கலாம். மறிப்பும் இன்சுலேசனும் ஒரே அடியில முடியும், அங்குலத்துக்கு ஆர்-6 அளவு வரும். விலை கூட. அடிச்சால் ஒரு நாளைக்காவது வீட்டை விட்டு வெளிக்கிடவேணும். அதுக்கு நீ ஆரின்ரை வீட்டில போய் நிப்பாயோ, அந்த வீட்டு முன்னறைக்குக் கீழ என்ன கிடக்கெண்டு முதல்ல விசாரி.

தகட்டைக் கழட்டின உடனை அதுக்குள்ள வேற ஆரும் குடியிருக்கினமோ எண்டும் பார். சில வீட்டில, யன்னலடிக்குச் சூட்டுக் காத்துக் கொண்டுபோற தகரக் குழலை அந்த 2 அடிக்குள்ளயே ஓட்டியிருப்பினம். பேர்னஸ் கஷ்டப்பட்டுச் சூடாக்கின காத்து, வெளியில நடந்துபோட்டு, ஆறி உன்ரை அறைக்கு வரும். அப்பிடி இருந்தால் குழலுக்குக் கீழ முழு மொத்தத்துக்கும் இன்சுலேசன் வரவேணும். குழலுக்கு மேல பெரிசாத் தேவையில்லை. மூட்டுகளுக்குப் பசை பூசு, இல்லாட்டில் அலுமினிய ரேப் ஒட்டு. அந்தச் சாம்பல் நிறத் துணி ரேப் வேண்டாம். 1998-ல கலிபோர்னியாவில லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில பலவிதமான ரேப்பைக் குழலில ஒட்டிச் சூட்டிலயும் குளிரிலயும் வாட்டிப் பார்த்தவை, குழல் ரேப் எண்டு பேர் வைச்சு விக்கிற அதுதான் முதல்ல கழண்டது. தண்ணிப் பைப் போனால், அதையும் சூட்டுப் பக்கம் தரையோட ஒட்டித் தூக்கிக் கட்டி, கீழ இன்சுலேசன் போடு. குளியலறை விசிறிக் குழல் அந்த இடத்தால வெளியில விட்டிருந்தால், அடைக்கிற வேகத்தில அதையும் சேர்த்து அடைச்சுப் போடாதை.

அதைவிட முக்கியம். இதெல்லாம் செய்து, கால் சூடேறி, நாலு பேருக்குப் புத்தி சொல்ல வெளிக்கிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். அந்த உசாரில மேல கூரை விளிம்பு ஓட்டைத் தகட்டையும் அடைக்க ஏறினியெண்டால், கூரைக்குள்ள ஈரம் பிடிக்கும். மேல ஓட்டை திறந்திருக்கவேணும், கீழதான் மூடவேணும். ரெண்டும் ஒரே தகடு, ஒரே நிறம். அரைகுறையாக் கேட்டவன்தான் மாறிச் செய்வான், அதால இதை மருமோளுக்கும் ஒருக்கா சொல்லிவைக்கிறன்.

இப்ப ஓடிப்போய் ஹோம் டிப்போவில வண்டில் நிறைய வாங்கிப்போடாதை. தை மாசம், −15. போத்தல் ஃபோம் இந்தக் குளிரில வடிவாப் பொங்கவும் மாட்டுது, ஒட்டவும் மாட்டுது, கோல்க்கும் அப்பிடித்தான். சித்திரை மட்டும் பொறுக்கவேணும். சித்திரையில வெயிலைக் கண்டவுடனை நீ இதை மறந்திடுவாய், பின்வளவில கோழி சுடத் தொடங்கிடுவாய் எண்டும் தெரியும். அதால இந்த மாசத்துக் காஸ் பில்லை எடுத்துக் குளிர்பெட்டிக் கதவில காந்தம் வைச்சு ஒட்டு. அதுக்குப் பக்கத்தில பதினெட்டுக் குழாய்க்கும் அளவு எழுத ஒரு வெறுந்தாள். ஏணியை நான் பிடிப்பன், பழகின கை. மூத்தவனுக்குச் சோதினை இருக்கும், அவனைக் கூப்பிடேலாது. நீதான் ஏறவேணும், இப்ப இருந்தே வண்டியை எப்பன் குறை.